அடைப்புக்குறிக்குள் மழை

சாயங்கால வெயில் கீபோர்டின் மேல் சோம்பிக் கிடக்கிறது. ஒரு படத்தின் சப்டைட்டிலிலிருந்து வசனங்களை மட்டும் பொறுக்கியெடுக்க அவள் ரெஜெக்ஸ் என்னும் தேடல் வாய்பாடு எழுதி, கணினியில் அந்த ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டிருக்கிறாள். எங்கோ பிசகிவிட்டது. வசனம் ஒன்றுகூட வரவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்த ஓசைக் குறிப்புகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்குகின்றன. தூரத்து மழை. கதவு சாத்தப்படுகிறது. பெருமூச்சு. காலைச் சண்டைக்குப் பிறகு முகங்கொடுத்துப் பேசாத கணவன், டீயோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறான். “என்ன இது, யாருமே பேசமாட்டேங்கறாங்க?” “பேசினதெல்லாம் போச்சு. சத்தம்தான் மிச்சம்,” என்கிறாள், திரும்பாமல். ஸ்கிரிப்டை நிறுத்தப்போன விரல் அந்தரத்திலேயே தங்குகிறது. கடைசி வரி மெல்ல வந்து உட்காருகிறது: நாற்காலி இழுபடுகிறது. அவளுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி இழுபடுகிறது.