மூன்றாவது துணை

சுனாமிக்குப் பிறகு கிடைத்த புது வீட்டின் விறாந்தையில் மூன்று பேர் இருந்தார்கள். வாசற்பக்கக் கதிரையில் டோறா. எதிர் வாங்குப் பலகையில், வாகரையிலிருந்து பெட்டை முயலொன்றோடு வந்த வீரகத்தி. கூட்டருகே தரையில் டோறாவின் மகன் இயன். கூட்டுக்குள் அவர்களுடைய சின்சில்லா இன ஆண் முயல்.

“ரெண்டு துணையை இது கடிச்சுச் சாகடிச்சிட்டுது அண்ணன். இந்தப் பெட்டையையும் விடாதோ?” என்றாள் டோறா.

“எனக்கு முந்தி முயலுக்குக் கலியாணம்!” இயன் சிரித்தான். நாட்டில் சண்டை முடிந்துவிட்டதால், அவனைக் கட்ட அடுத்த மாதம் கொழும்பிலிருந்து றொவீனா வரவிருந்தாள்.

வீரகத்தி பெட்டையை உள்ளே விட்டார். வீட்டு முயல் அதை முகர்ந்துவிட்டு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

“இதுவா கடிக்கிற? கடிச்சா காது, முதுகெல்லாம் கிழிஞ்சிருக்குமே. எங்க காயம் இருந்தது தங்கச்சி?”

செத்த இரண்டையும் புதைத்தவள் டோறாதான். ஒரு கீறலும் இருக்கவில்லை. கழுத்துத்தான் முறுக்கப்பட்டுக் கிடந்தது. இரண்டு முறையும் முதலில் கண்டு சொன்னவன் இயன்.

“காயம் இருந்ததுதானே, மம்மி?” கூட்டுக்குள் கைவிட்டுப் பெட்டையின் கழுத்தைத் தடவியபடி கேட்டான்.

“இருந்தது மகன்.”

உள்ளே போனவள், ‘மகள் றொவீனா, நீ இங்கே வரவேண்டாம்’ என்று எழுதி உறையை ஒட்டினாள். பஸ்ஸுக்குப் புறப்பட்ட வீரகத்தியின் கையில் அதைக் கொடுத்தாள்.

“இதைத் தபாலில போடுங்க அண்ணன். முயலையும் கொண்டு போங்க. ரெண்டையும்.”