மெஷினுக்கு ஒரு பை

பழைய மழைக்கோட்டைக் கிழித்துத் தைத்த தூசி பிடிக்கும் பையை, மரம் அறுக்கும் மெஷினின் பின்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார் தச்சர். அறுக்கும்போது கட்டை நழுவாமலிருக்க, அதைத் தாங்கும் பலகையில் உப்புத்தாளும் ஒட்டியாகிவிட்டது.

"தூசியே ஆகாது, தொழிலை விட்டுடுங்கன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே! மறுபடியும் அறுக்கக் கிளம்பிட்டீங்களா?" மனைவி அலுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் சோர்வாக.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவன் இளம் தச்சன். "மெஷினை எடுத்துக்கட்டுமா அண்ணா?" என்றான்.

அவள் திகைத்தாள். "வித்துட்டீங்களா?"

"நேத்தே பேசி முடிச்சாச்சு."

"அப்புறம் விடிஞ்சதுலேருந்து எதுக்கு இந்தப் பாடு?"

"அவனுக்கும் நுரையீரல்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் மெதுவாக.

அவள் மெஷினின் மறுபக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினாள். வேனில் ஏற்றியதும், "அந்தப் பையை மட்டும் கழட்டிடாதீங்க தம்பி" என்றாள்.