மிலோராத்தின் கல்

“அந்தக் கல்லுலேர்ந்து உன் படத்தை எடுத்துட்டு என்கூட வந்துடு, தெசான்கா.”

ரதிசாவ் இதைச் சொன்ன இடம் கல்லறைத் தோட்டம். இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் சனிக்கிழமை. தெசான்கா தன் கணவன் மிலோராத்தின் கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மாலா லிபா கிராமத்தில் கணவன் போய்விட்டால், மனைவியின் படத்தையும் கையோடு பக்கத்திலேயே செதுக்கிவிடுவார்கள். அவள் சாகப்போகும் வருடத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும். உயிரோடு இருப்பவள் தன் முகத்தைத் தானே துடைத்துப் பூ வைப்பது இங்கே யாருக்கும் விசித்திரமில்லை.

ரதிசாவ் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. பொழுது போகாமல் ஊர்ச் சரித்திரம் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லாகப் படித்துப் பெயரும் வருடமும் குறித்துக்கொண்டு வந்தவர், தெசான்காவிடம் சந்தேகம் கேட்கப் போய் அங்கேயே மனதைப் பறிகொடுத்துவிட்டார். ஊரில் மிச்சமிருப்பதே நாற்பத்தோரு பேர். அதில் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால் குடியா முழுகிவிடும்? ஊரே சரி என்றது. பாதிரியார்கூடத் தலையாட்டிவிட்டார். தெசான்காதான் மூன்று மாதமாகப் பிடி கொடுக்கவில்லை.

நீஷ் நகரத்தில் இருக்கும் அவர் மகள், குளிருக்கு முன்னால் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாளாம். தெசான்கா சரி என்றால் இங்கேயே இருப்பாராம். இல்லையென்றால் திங்கட்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். ரதிசாவ் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தெசான்காவின் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் வாயில் வந்தது கிண்டல்தான்.

“படத்தை எடுத்தா உங்க சரித்திரத்துல ஓட்டை விழுமே, சரித்திரக்காரரே.”

அந்தப் புத்தகத்தில் மிலோராத்துக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. வியன்னாவில் கட்டட வேலை பார்த்தவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். தெசான்கா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இங்கே கல் நிறுத்தினாள். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஊரே திரண்டு வந்து அழுதது. இரங்கல் பேசியது ரதிசாவ்தான்.

“அவன் நல்லவன்தான், இல்லேங்கல. அதுக்காக எத்தனை காலம் இப்படி ஒண்டியா கல்லைத் துடைச்சிட்டிருப்பே? அவனைவிட நான் மட்டம்னா நேரா சொல்லிடு, பஸ் ஏறிடறேன்.”

அவள் கண் கலங்கிவிட்டது. துணியைப் பிழிந்து கல்லின் ஓரத்தில் போட்டாள்.

“எனக்கு ஆசையில்லேன்னு யார் சொன்னது? பதிவு ஆபீஸ்ல அவரோட இறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. என்கிட்ட இல்லை.”

ரதிசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதற்காகவா இத்தனை நாள் அலைய விட்டாள்! வியன்னாவுக்கு நாளைக்கே எழுதிப்போட்டுத் தானே வாங்கித் தருவதாகவும், எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும் என்றும் சொல்லிப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எழுதாதீங்க,” என்று அவர் கையைப் பிடித்தாள் தெசான்கா. “விட்டுட்டுப் போயிட்டார்னு ஊர்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. கல்லுல இருக்கறது அவர் செத்த வருஷம் இல்லை. அங்க இன்னொருத்தியோட குடித்தனம் ஆரம்பிச்ச வருஷம்.”