வால் எலும்பு

சில வாரங்களாக வேதநாயகியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வால் எலும்பில் அப்படி ஒரு வலி. எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் பொருத்தினார். அவள் நின்றபடியே பார்த்தாள். முதுகெலும்பின் கடைசித் துண்டு கொக்கிபோல உள்பக்கம் வளைந்திருந்தது.

"இது இப்ப ஆனதில்லம்மா. பழைய முறிவு, தானாவே கூடியிருக்கு. எப்ப விழுந்தீங்க?"

"இவ எங்கயும் விழலையே டாக்டர்," என்றார் அவள் கணவர் தணிகாசலம். கல்யாணமாகி முப்பது வருடம். அவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

"விழுந்தேன்," என்றாள் வேதநாயகி. "கல்யாணத்துக்கு முன்னாடி. காலேஜ் ஹாஸ்டல் மதில் சுவர்ல இருந்து."

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவள் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் தணிகாசலம் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சுவரேறிக் குதிச்சு எங்க போனே?"

"போகும்போது விழலைங்க. திரும்பி வரும்போதுதான் விழுந்தேன்."

அவர் உறையிலிருந்து படத்தை உருவி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தச் சின்ன எலும்பையே வெகுநேரம் பார்த்தார். கேட்க நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"ரொம்ப வலிச்சுதா?"

"அன்னிக்கு வலியே தெரியல," என்று சொல்லிவிட்டு அவள் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.