மூன்று விசில்

ஷிஜி விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினாள்.

யாரும் வரவில்லை.

வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே கணுக்கால் வரை மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் உயிர் போகிற வலி. ஓடைத் தண்ணீர் முழங்காலைத் தொட்டு ஓடியது.

குளச்சல் கடல்புறத்தில் பிறந்தவள் முழங்கால் தண்ணீருக்குப் பயப்படுவாளா என்றுதான் முதலில் அவளே நினைத்தாள்.

பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் கலந்து, சருகுகளை அள்ளிக்கொண்டு வந்தது. மேலே மலையில் மழை பெய்கிறது.

அப்போதுதான் பயம் வந்தது.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கல்லூரி முகாம். அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வரைபடப் போட்டி. ஆளுக்கொரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். மரங்களில் கட்டியிருக்கும் ஆரஞ்சுக் கொடிகளை அவரவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் திரும்பி வருகிறவருக்குப் பரிசு.

செல்போன்களை செல்வதாஸ் சார் காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். பதிலுக்குக் கழுத்தில் ஒரு விசில். ஆபத்தென்றால் மூன்று முறை ஊத வேண்டும். கேட்டவர் யாராக இருந்தாலும் போட்டியை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். இதை மட்டும் சார் இரண்டு தரம் சொன்னார்.

வரைபடத்தில் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே செங்குத்துச் சரிவு. ஷிஜிக்கு அது தெரியும். தெரிந்தேதான் பாதையை விட்டு இறங்கினாள். குறுக்கே போனால் முதலில் போய்ச் சேரலாமே.

தண்ணீர் தொடைக்கு ஏறியது.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இனி விசில்தான். மறுபடி ஊதினாள். உதடு நடுங்கியதில் மூன்றும் மூன்றாக வரவில்லை. இழுத்து இழுத்து, யாரோ சும்மா பாட்டு முனகுவது போல் வந்தது.

புதருக்கு மேலே, பாதையில், காலடிச் சத்தம் நின்றது.

யாரோ விசிலடிக்கிறார்கள் என்று கூடப் படிக்கும் ரெஜிஷா பதறுவது காதில் விழுந்தது. கூட நிற்பது அபினேஷ். அட்டைப்பூச்சிக்குப் பயந்து, தனியாகப் போகத் துணியாமல் அவளோடு ஒட்டிக்கொண்டவன்.

ஷிஜிக்கு அழுகையே வந்துவிட்டது. அபினேஷ் வருவான். கட்டாயம் வருவான். காலையில் வரைபடம் பார்க்கப் பழகும்போது இதே ஓடைப் பக்கம் விசில் கேட்டதும், யாரையும் கேட்காமல் வரைபடத்தை வீசிவிட்டு முதலில் ஓடியவன் அவன்தான்.

எல்லோரும் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தால், பாறை மேல் ஒரு கருநீலப் பறவை. மனிதர் மாதிரியே சீட்டியடித்துக்கொண்டிருந்தது.

பறவைகளைப் பற்றித் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் ஷிஜி ஒருத்திதான். அதன் சங்கதியை அவள்தான் எடுத்துச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? அபினேஷுக்குப் ‘பட்சி’ என்று பேரும் வைத்தாள். மத்தியானச் சோறு வரை முகாமே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தான்.

தண்ணீர் இடுப்பில் மோதியது. ஷிஜி இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி ஊதினாள். விசிலுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சத்தம் குழைந்து, மெல்ல ஏறி இறங்கியது.

மேலிருந்து அபினேஷின் குரல் நிதானமாக வந்தது. காலையில் இருந்த பயம் அதில் துளிகூட இல்லை.

“அது பட்சியாக்கும் மக்கா. ஓடைக்கரையில கெடந்து இப்பிடித்தான் பாடுமாம், ஷிஜி சொன்னது கேக்கலியா? வா, அவ இன்னேரம் போயி சாயா குடிச்சிட்டிருப்பா.”