வலது மடிப்பு

“அந்தம்மா கிமோனோவைத் தப்பாக் கட்டியிருக்காங்க. சொல்லட்டுமா, வேண்டாமா?” சமையலறைக் கதவோரம் நின்று சாதோயே கிசுகிசுத்தாள்.

சமையற்காரர் தமோட்சு நண்டு ஓட்டை உடைப்பதை நிறுத்தவில்லை. “தப்பான்னா எப்படி?”

“வலப்பக்கம் மேலே வந்திருக்கு.”

“ஐயையோ, பிணத்துக்குத்தானே அப்படிக் கட்டுவோம்!” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போன வாரம் அந்த டென்மார்க்குப் பையனும் அப்படியே கட்டிக்கிட்டு ஜம்முனு சாப்பிட வந்தானே. நீதானே ஓடிப்போய் மாத்திக் கட்டச் சொன்னே?”

“அவன் தங்க வந்தவன். இவங்க வீட்டுக்காரி ஆச்சே, அண்ணே.”

சிக்கலே அதுதான். கனசாவாவில் ஆற்றங்கரைச் சந்தில் இருந்த அந்தப் பழைய மரவீட்டைச் சாதோயே குத்தகைக்கு எடுத்து, நான்கே அறைகள் கொண்ட விடுதியாக்கியிருந்தாள். கருநீலச் சுவர்கள், அரக்குப் பூசிய கை கழுவும் தொட்டி, தோட்டத்தைப் பார்த்தபடி குளிக்கும் அறை. பத்திரிகைகளில் படம்கூட வந்தது.

வீட்டுச் சொந்தக்காரி கினுகோவை அவள் பார்த்ததே இல்லை. நகோயாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். போன மாதம் இறந்துவிட்டார். வீடு இப்போது தங்கை சுமியேவுக்கு.

சுமியே சின்ன வயதிலேயே பிரேசிலுக்குப் போனவர். அக்காவின் இறுதிச் சடங்குக்காக வந்தவர், திரும்புவதற்குள் வீட்டைப் பார்க்க இன்று வருவதாக எழுதியிருந்தார். இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்ட ஒருவர் கேட்கிறார் என்றும் அதே கடிதத்தில் இருந்தது.

மதியம் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, வாசல் கண்ணாடிக் கதவை விட்டுவிட்டு, சமையலறைப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக அந்த அம்மா வந்து நின்றார். சாம்பல் நிறக் கிமோனோ. “வீட்டைப் பார்க்கலாம்னு வந்தேன்” என்றார். அவ்வளவுதான்.

“பிரேசில்ல வளர்ந்தவங்களுக்கு எந்தப் பக்கம் மடிக்கணும்னு எப்படித் தெரியும்?” தமோட்சு குரலைத் தாழ்த்தினார். “நீ வாயை மூடிக்கிட்டு ஊரைச் சுத்திக் காட்டு. அவங்க முகம் சுளிச்சா, நீயும் நானும் தெருவுல.”

சாதோயே குடையை விரித்துக்கொண்டு அவரோடு நடந்தாள். மர ஜன்னல்களுக்குள் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

“இந்த முனையில தவிட்டுல ஊறப்போட்ட மீன் விப்பாங்களே?”

“அது காப்பிக் கடை ஆயிடுச்சும்மா. சின்ன வயசுல போனவங்க, உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கு?”

“அந்த நாத்தத்தை மூக்கு மறக்குமா?” அந்த அம்மா சிரித்தார்.

இந்த ஊரின் பழைய பேச்சு அப்படியே அவர் வாயில் இருந்தது. கடல் தாண்டிப் போனவர்கள்தான் பேச்சை மாறாமல் வைத்திருப்பார்கள் என்று சாதோயே கேள்விப்பட்டிருந்தாள். பாலத்தில் எதிரே வந்தவர்கள் அந்த மடிப்பைப் பார்த்துவிடக் கூடாதே என்று குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் தோட்டத்து அறையில் தேநீர் வைத்தாள். அந்த அம்மா கோப்பையைத் தொடாமல், பனிக்காகக் கயிறு கட்டி நிறுத்தியிருந்த பைன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ்க்கிளையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு. வருஷா வருஷம் அதுதான் ஒடியும்.”

“நாளைக்கே கட்டச் சொல்றேன்மா.” சாதோயே பாயில் மண்டியிட்டாள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “இடிச்சிடாதீங்கம்மா. இந்த ஒரு வீட்டை நம்பித்தான் இருக்கேன்.”

“யாரு இடிக்கிறது?” அந்த அம்மாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. “கரிபிடிச்ச உத்தரத்தைத் தொடைச்சு வச்சிருக்கே. பழைய கதவையெல்லாம் தூக்கி எறியல. நல்லாத்தான் பார்த்துக்கிறே. நான் இருக்கிறவரைக்கும் இதை யாரும் தொட முடியாது.”

சாதோயே நெற்றி பாயில் படக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மனசு லேசாகியிருந்தது, துணிச்சலும் வந்திருந்தது. இனி இவரிடம் மடிப்பைப் பற்றிச் சொல்லலாம்.

“அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க…” என்று ஆரம்பித்தாள்.

வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

“நான் சுமியே பேசறேன்” என்றது தடுமாறும் ஜப்பானிய மொழியில் ஒரு குரல். “பனியால ரயில் மைபாராவிலேயே நிக்குதும்மா. நாளைக்குத்தான் வருவேன். கோவிச்சுக்காதே.”

சாதோயே தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி தோட்டத்து அறைக்கு நடந்தாள்.

அந்த அம்மா அதே இடத்தில்தான் இருந்தார். சாதோயேயின் கண் அந்தக் கழுத்துப்பட்டிக்குப் போனது. வலப்பக்கம் மேலே.

அவர் அதைக் கவனித்துவிட்டார். குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டு, மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார்.

“இதைத்தானே அப்போலேருந்து பார்க்கிறே? இது நான் கட்டிக்கிட்டது இல்லம்மா. போன மாசம் என் தங்கச்சி கட்டிவிட்டது.”