தண்ணீர் கேட்கும் காட்சிகள்

அரிவாள் இறங்கியது.

தலை தனியாக உருண்டுபோய் திரையின் ஓரத்தில் நின்றது. அவன் கோழிக்காலை உறிஞ்சிக்கொண்டே, "அடி தூள்!" என்றான்.

பிள்ளைகள் இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவன் நிகிலன் இரண்டாம் வகுப்பு. சின்னவள் தன்ஷிகா இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள்.

யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடச் சொல்லவும் ஆள் இல்லை. ஆரம்பத்தில் அவன் மனைவி சொல்லிப் பார்த்திருக்கிறாள். இவர்களை ஏன் கோழையாக வளர்க்கிறாய் என்று அவன் கேட்டான்.

"அப்பா, அது நெசக் குடலா?" என்றான் நிகிலன்.

"ரப்பர்டா கண்ணு. நீ சாப்பிடு."

பையன் சாப்பிட்டான். சிவப்புக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், உருண்டை உருண்டையாக.

அவள் கணவன் மசாலா வழியும் விரலாலேயே சத்தத்தைக் கூட்டினான். ரிமோட்டின் மேல் எண்ணெய் படிந்தது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படத்தாலா, அவன் சப்புக்கொட்டும் சத்தத்தாலா என்று பிரித்துப் பார்க்க அவள் மெனக்கெடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாணமான புதிதில் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. ஞாயிறு மதியம் அவன் படம். சாயங்காலம் அவள் படம்.

அவன் படத்தில் வெட்டுவார்கள். அவள் படத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். "பேசியே கொல்றாங்களேடா சாமி" என்று அவன் சோபாவில் சரிந்து கொட்டாவி விடுவான்.

ஆனால் ஒருவன் ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்றால் போதும். கொட்டாவி பாதியில் நின்றுவிடும். நிமிர்ந்து உட்காருவான்.

"நிகிலு, போய் அப்பாவுக்குத் தண்ணி கொண்டா. பாப்பாவையும் கூட்டிட்டுப் போ."

அவர்கள் திரும்பி வருவதற்குள் படத்தை ஓட்டிவிடுவான். திரையில் வேறு ஊர், வேறு நாள்.

பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. இப்போதெல்லாம் அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். இரண்டு முகங்கள் கிட்டே வந்தாலே தன்ஷிகா எழுந்து நடப்பாள். அம்மா படம் முடியும்போது டீப்பாய் முழுக்க யாரும் குடிக்காத டம்ளர்கள் நிற்கும்.

அவன் படத்தில் யாருக்கும் தாகம் எடுத்ததே இல்லை.

போன வாரம் அடுப்படியில் அவன் சும்மா அவள் தோளில் கை வைத்தான். வாசற்படியில் நின்ற தன்ஷிகா ஓடிப்போய் டம்ளரை எடுத்தாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆபீஸ் ஆட்களிடம் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அம்மாவைத் தொடுவதைப் பார்த்து ஓட வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது? அருவருப்பாக இருந்தது. ஒரு தடவையாவது பிள்ளைகளை உட்காரவைத்து அப்படி ஒரு காட்சியைக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் படம்.

இன்றைக்கு ஒரு வயதான கணவன் மனைவி. அந்தம்மாவுக்குக் காய்ச்சல். அவர் மாத்திரை பிரித்துக் கொடுக்கிறார். போர்வையை இழுத்துவிடுகிறார். குனிகிறார்.

"நிகிலு, தண்ணி."

பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள்.

நெற்றியில்தான். தலை நரைத்த மனுஷன், படுத்துக் கிடப்பவளின் நெற்றியில். அதற்கும் தண்ணீர்.

அவன் கை நீளுவதற்குள் அவள் ரிமோட்டை எடுத்துவிட்டாள். படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

"புள்ளைக வரட்டும். வந்து பார்க்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? கொடு இங்க."

"தலைய வெட்டுறதப் பார்க்கலாம், இதப் பார்க்கக் கூடாதாங்க?"

"கொடுன்னா கொடு!"

அவள் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவன் எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். மதியம் தின்ற மசாலா வாடை அவன் கையில் இன்னும் இருந்தது. பிசுபிசுத்தது. வலியைவிட அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

ரிமோட் விழுந்து உடைந்தது. பேட்டரி சோபாவுக்கு அடியில் உருண்டது.

"சீ, கைய எடுங்க!" என்றாள்.

அந்தச் 'சீ' அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். இன்னொரு கையை ஓங்கினான்.

அப்போதுதான் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆளுக்கொரு டம்ளர். தளும்பாமல், பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்கள்.

நிகிலன் அப்பாவின் ஓங்கிய கையைப் பார்த்தான். அம்மாவின் முறுக்கிய கையைப் பார்த்தான். டீவியில் அந்தப் பெரியவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். பையன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இவர்கள் பக்கமாகத் திரும்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

தன்ஷிகாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு பேர் முகத்திலும் பயம் இல்லை.

மதியம் இருந்த அதே முகம்.

அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு வெறுத்த வார்த்தை அவள் வாயிலிருந்தே வந்தது.

"நிகிலு... பாப்பாவக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி கொண்டா."

பையன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"இது சண்டைதானம்மா?"

தன்ஷிகா டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, நன்றாகத் தெரிவதற்காகக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.